அரிவாளுக்கும் ஜாதகம் வந்தாச்சு!

பேனாக்கத்தி முதல் கைத்துப்பாக்கி வரை... வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி

நெல்லை,

"அண்ணாச்சி, நல்லதா ஒரு அருவா வேணும்."

"வாங்க தம்பி. எதை வெட்ட?"

நெல்லைச் சீமையின் கொல்லுப் பட்டறைகளில் காலங்காலமாக இப்படித்தான் பேரம் தொடங்கும். வாழைத்தார் வெட்டவா, வேலிமுள் வெட்டவா, தென்னை மட்டை வெட்டவா என்று கேட்பார்கள். அதற்குத் தக்க அரிவாளை எடுத்துப் போடுவார்கள். விலை பேசி, துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போகலாம்.

இப்போது கேள்வி கூடிவிட்டது.

"பேரு என்ன? எந்த ஊரு? செல் நம்பரைச் சொல்லுங்க. நோட்டுல எழுதணும்."

அரிவாள் வாங்கப் போனவர் திகைத்துப் போகிறார். பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகம் கேட்ட மாதிரி இருக்கிறதே என்று நினைக்கிறார். ஆனால் இந்த ஜாதகம் வாங்குகிறவருக்கு மட்டும் அல்ல. அந்த அரிவாளுக்கும் சேர்த்துத்தான்!

தலை தப்பாத செப்டம்பர்

இந்தக் கேள்விக்குக் காரணம் 2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம்.

அந்த மாதம் நெல்லை மாவட்டத்திலும் திண்டுக்கல் பக்கமும் அடுத்தடுத்து கொலைகள் நடந்தன. பழிக்குப் பழியாகத் தலையையே துண்டித்துப் போட்டார்கள். தமிழ்நாடே அதிர்ந்தது.

அப்போது டி.ஜி.பி.யாக இருந்தவர் சைலேந்திர பாபு. அவரது உத்தரவின்படி மாநிலம் முழுவதும் போலீசார் விடிய விடிய வேட்டையாடினார்கள். ரவுடிகள் என்று 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் சிக்கின. துப்பாக்கிகளும் அதில் உண்டு.

அதோடு விடவில்லை. அரிவாள், கத்தி செய்கிற பட்டறைக்காரர்களையும் கடைக்காரர்களையும் போலீசார் கூப்பிட்டுப் பேசினார்கள். வாங்குகிறவர் பெயர், முகவரி, செல்போன் எண், எதற்காக வாங்குகிறார் என்பதை எல்லாம் எழுதி வைக்க வேண்டும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தவிர வேறு காரியத்துக்கு விற்கக் கூடாது. கடையில் கண்காணிப்பு கேமரா வைக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

பனங்காட்டில் பிறந்த அரிவாளுக்கு நோட்டுப் புத்தகத்தில் பெயர் ஏறியது அப்போதுதான்.

தாமிரபரணி இரும்பு

அரிவாளும் கத்தியும் இந்த மண்ணுக்கு நேற்று வந்தவை அல்ல.

தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகோர் அங்கே முதலில் தோண்டினார். பிறகு 1899-ம் ஆண்டு முதல் அலெக்சாண்டர் ரீ பல ஆண்டுகள் தோண்டினார். முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாள், வேல், அம்புமுனை, குத்துவாள் என்று அள்ள அள்ள வந்தன. செத்தவரோடு அவருடைய ஆயுதத்தையும் புதைத்து அனுப்பி இருக்கிறார்கள்!

பக்கத்தில் இருக்கும் சிவகளை இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அங்கே கிடைத்த மாதிரிகளை வைத்து, தமிழ் மண்ணில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கியது என்று தமிழக அரசு 2025 ஜனவரி 23-ந் தேதி அறிவித்தது.

எனவே, கூரான இரும்பின் மேல் நெல்லைக்காரருக்கு இருக்கிற ஆசை இன்று நேற்று முளைத்தது அல்ல. வயலுக்குப் போகிறவர் இடுப்பில் அரிவாள் இருக்கும். சுடலைமாட சாமி கோவில்களில் ஆள் உயரத்துக்கும் மேலே அரிவாள் அடித்து நேர்த்திக்கடன் வைப்பார்கள். அடுப்பங்கரையில் அரிவாள்மனை இருக்கும். ஒரே இரும்புதான். போய்ச் சேருகிற இடம்தான் வேறு வேறு.

தட்டினால் கணீர்!

நல்ல அரிவாளை எப்படிப் பார்த்து வாங்குவது?

இன்றைய பட்டறைகளில் பெரும்பாலும் அடிபட்டு நீளுவது லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைதான். பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்து பழகிய எஃகு அது. அதில் சுமார் 0.6 சதவீதம் கரிச்சத்து இருக்கும். சாதாரணக் கட்டுக் கம்பியில் இது இல்லை. அதனால்தான் கம்பியில் அடித்த கத்தி இரண்டு நாளில் மழுங்கிவிடும்.

பட்டையை உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சுவார்கள். முன்பு துருத்தி ஊத ஒரு ஆள் வேண்டும். இப்போது மின்சார ஊதி வந்துவிட்டது. காய்ந்த இரும்பைக் குறட்டால் பிடித்து அடைகல்லில் வைப்பார் ஒருவர். சம்மட்டி போடுவார் இன்னொருவர். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவிதான்.

உருவம் வந்த பிறகுதான் உயிர் கொடுக்கிற வேலை. அதற்குப் பெயர் தோய்ச்சல். பழுக்கக் காய்ச்சி, வாய்ப்பக்கத்தைத் தண்ணீரில் தோய்ப்பார்கள். அப்போது இரும்பு கண்ணாடி போல இறுகும். அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் வாய் உதிரும். எனவே மறுபடியும் இளஞ்சூடு காட்டி, வைக்கோல் நிறம் ஏறியதும் நிறுத்துவார்கள். சூடு கூடிப் போனால் வாய் மடங்கும். குறைந்து போனால் உதிரும். இந்த நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் கொல்லர் தொழிலின் ரகசியம்.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது மூன்று.

ஒன்று, தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்று சத்தம் வந்தால் சரி. உள்ளே கீறல் இருந்தால் சத்தம் செத்துப் போகும்.

இரண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்க்க வேண்டும். கோணல் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

மூன்று, பிடியைப் பார்க்க வேண்டும். காம்பு பிடிக்குள் ஆழமாக இறங்கி, பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆடுகிற பிடி உள்ள அரிவாள் வெட்டுகிறவர் காலைத்தான் பதம் பார்க்கும்.

பனையேறியின் பெட்டி

கத்தியை ஆசையாகப் பராமரிப்பது எப்படி என்று தெரிய வேண்டுமா? பனையேறியைப் பார்க்க வேண்டும்.

பதநீர்ப் பருவத்தில் பனையேறிக்குப் பாளை அரிவாள்தான் சோறு. சவரக்கத்தி போலக் கூர்மை. பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் சொட்டும். கூர் கெட்டால் பாளை நைந்து போகும். அன்றைய வருமானம் போச்சு!

அதனால் தினமும் தீட்டுவார்கள். இடுப்பில் அரிவாள் பெட்டி தொங்கும். மரத்தில் ஏறும்போது கத்தி உடம்பில் படாமல் காப்பது அதுதான். வெளிநாட்டுக் கத்திப் பிரியர்கள் தோல் உறைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். நெல்லைப் பனங்காட்டில் அந்த உறை எப்போதோ வந்துவிட்டது.

ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். பனையேறியின் அரிவாள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதைப் பார்த்து ஊரில் யாரும் பயந்தது இல்லை. அது எந்த மரத்துக்குப் போகிறது, எப்போது திரும்புகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

மடக்குக் கத்தி மோகம்

இனி சட்டைப்பைக்கு வருவோம்.

வெள்ளைக்காரன் காலத்தில் இறகுப் பேனா முனையைச் சீவச் சின்னக் கத்தி வைத்திருந்தார்கள். பேனாக்கத்தி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பேனா மாறிவிட்டது. கத்தியின் பெயர் மாறவில்லை. பென்சில் சீவவும், மாங்காய் கீறி உப்பு மிளகாய் தடவவும் அது நெல்லைப் பையன்களின் டிராயர் பையில் குடியேறியது.

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் என்பவர் 1884-ல் கத்திப் பட்டறை தொடங்கினார். 1897-ல் பல கருவிகள் மடங்கும் கத்தியைப் பதிவு செய்தார். அந்தச் சிவப்புப் பிடிக் கத்திதான் இன்று உலகம் சுற்றுகிறது. கத்தரிக்கோல், திருப்புளி, டப்பா திறப்பான் எல்லாம் ஒரே கைப்பிடிக்குள். வளைகுடாவில் இருந்து ஊர் திரும்புகிறவர் பெட்டியில் சென்ட் பாட்டிலோடு இதுவும் வருவது உண்டு. ஆனால் அதைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் பறிபோகும். சரக்கில் போடுகிற பெரிய பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

வடக்கே உத்தரப்பிரதேசத்து ராம்பூர் கத்தியின் கதை வேறு. பட்டனைத் தட்டினால் படக்கென்று விரியும். எழுபதுகளின் இந்திப் படங்களில் வில்லன் கையில் இது இல்லாமல் சண்டைக் காட்சி கிடையாது. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் அந்தக் கத்தியைத் தேடினார்கள். கடைசியில் கெடுபிடி வந்து தொழிலே படுத்துவிட்டது. 2023-ல் அந்த ஊர் நாற்சந்தியில் 20 அடிக் கத்தியைச் சிலையாக நிறுத்தினார்கள். கத்தி சிலையாகிவிட்டது. செய்கிற கைகள் குறைந்துவிட்டன!

கத்தி சேகரிக்கிறவர்களுக்கு மாற்றிக்கொள்வதும், மெருகேற்றுவதும் ஒரு தனி இன்பம். பிடியை மாற்றுவார்கள். ஆணியை இறுக்குவார்கள். இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார்கள். விரித்த கத்தி தானாக மடங்காமல் இருக்க 'லாக்' இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விரல் போகாமல் இருக்க அது அவசியம்.

ஆனால் ஒரு இடத்தில் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய கத்திக்கும் துப்பாக்கிக்கும் மான் கொம்பிலும் யானைத் தந்தத்திலும் பிடி போட்டிருப்பார்கள். பார்க்க அழகு. விலையும் கூடுதலாகச் சொல்வார்கள். அந்தப் பிடியை வாங்குவதும் விற்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். களக்காடு - முண்டந்துறைக் காடு பக்கத்திலேயே இருக்கிற ஊர்க்காரர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். "காட்டுல விழுந்து கிடந்த கொம்புதான்" என்று சொன்னாலும் தப்ப முடியாது.

ஒன்பது அங்குலக் கோடு

கத்தி எவ்வளவு நீளம் இருக்கலாம்?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும் இதற்குப் பதில் சொல்கின்றன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் சேரும். வாள், குத்துவாள், ஈட்டி, மறைகத்தி வைத்த கைத்தடி ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. மத்திய அரசு அறிவித்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும்.

வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை வேலைக்கென்றே செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. கதிர் அறுக்கும் கருக்கரிவாளையும் அடுப்பங்கரை அரிவாள்மனையையும் யாரும் கேட்கப் போவது இல்லை.

ஆக, சட்டம் இரண்டைப் பார்க்கிறது. ஒன்று அளவு. இன்னொன்று காரியம். வாழைத்தோட்டத்தில் இருக்கும்போது கருவி. ராத்திரி பதினோரு மணிக்கு மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருந்தால்...? போலீசார் கேட்கிற கேள்விக்குப் பதில் வேண்டும்.

மணியாச்சி வெடிச்சத்தம்

துப்பாக்கி விஷயத்தில் நெல்லைச் சீமை பட்ட அடி பெரிது.

கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. ஊமைத்துரையின் போரும் 1801-ல் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி வெள்ளைக்காரர் ஒரு பிரகடனம் போட்டார்கள். பாளையக்காரர்களும் அவர்கள் ஆட்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. கோட்டைகளை இடித்தார்கள். வேலும் துப்பாக்கியும் பறிபோயின. 1878-ல் நாடு முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் இந்தியன் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்றார்கள்.

அந்தச் சட்டம் இருக்கும்போதே ஒரு கைத்துப்பாக்கி நெல்லைக்கு வந்து சேர்ந்தது.

1911 ஜூன் 17. மணியாச்சி ரெயில் நிலையம். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், கொடைக்கானல் போவதற்காக மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் உள்ளே ஏறினார். சுட்டார். ஆஷ் சாய்ந்தார். வாஞ்சியும் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி.

வாஞ்சிக்குப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் சுடப் பயிற்சி கொடுத்தவர் வ.வே.சு. ஐயர். வெள்ளைக்காரர் சட்டம் அங்கே செல்லாது. அந்த ஐயர்தான் பிற்காலத்தில் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தி, 1925-ல் பாபநாசம் அருவியில் மறைந்தவர். மணியாச்சி நிலையத்துக்கு இப்போது வாஞ்சி மணியாச்சி என்று பெயர்.

நாடு விடுதலை அடைந்த பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. குடிமகன் உரிமம் கேட்கலாம் என்று ஆயிற்று. ஆனால் துப்பாக்கிக்கு ஜாதகம் வேண்டும் என்பதில் புதிய சட்டமும் கறார்தான்.

கைத்துப்பாக்கி ஆசை

"ஒரு ரிவால்வர் வாங்கிப் போட்டா கெத்தா இருக்குமே" என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பழைய துப்பாக்கிக்குப் புதுச் சாமான் மாட்டி அழகு பார்க்கிறவர்களும் உண்டு.

முதலில், 9 மில்லிமீட்டர் போன்ற ராணுவ அளவுக் குண்டு போடுகிற துப்பாக்கிகளுக்குத் தடை உண்டு. சாதாரண உரிமத்தில் கிடைப்பது பெரும்பாலும் .32 அளவுதான். கான்பூர் அரசு தொழிற்சாலை 2014-ல் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை சுமார் அரைக் கிலோ. அப்போது விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல். தங்கம் வாங்குகிற மாதிரிதான்!

தனி ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது எண்பதுகளின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதனால் அதற்கு முன்பு வந்த பழைய சீமைத் துப்பாக்கிகளுக்கு மவுசு ஏறிவிட்டது. தாத்தா வைத்திருந்ததைப் பேரன் பெயருக்கு மாற்றப் பலர் அலைகிறார்கள்.

இனி 'சாமான்' கதை. எது விளையாட்டு, எது விபரீதம்?

தோல் உறை, இடுப்புப் பட்டை, துடைக்கிற எண்ணெய், பெட்டி: இவை ஆயுதம் அல்ல.

குழல், நகரும் மேல்பாகம், தோட்டாச் சுழல் உருளை: இவை துப்பாக்கியின் உறுப்புகள். சட்டத்தின் கண்ணில் உறுப்பும் ஆயுதம்தான். உரிமம் வேண்டும்.

சத்தம் அடக்குகிற குழாய்: இதைத்தான் பலர் தெரியாமல் கேட்கிறார்கள். சினிமாவில் பார்த்த ஆசை. வெடிச் சத்தத்தையோ, தீப்பொறியையோ குறைப்பதற்காகச் செய்த சாமானையே துப்பாக்கி என்று சட்டம் சொல்கிறது. சும்மா ஒரு குழாய்தானே என்று வாங்கினால், உரிமம் இல்லாத துப்பாக்கி வாங்கியதாகவே அர்த்தம்!

குழலை அறுத்துக் குட்டையாக்குவது, பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவது: இதற்குத் தனி உரிமம் வேண்டும். இல்லாமல் செய்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம்.

ரிப்பேர்: தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. பழுது பார்க்கவும் உரிமம் உள்ள கடைதான் வேண்டும். நல்ல எண்ணத்தில் உதவி செய்த லேத்காரரும் சேர்ந்து மாட்டுவார்.

விற்கவும் 45 நாள்

துப்பாக்கியை விற்பது ஆடு விற்பது மாதிரி அல்ல. மேலப்பாளையம் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடித்துவிடலாம். இங்கே அது நடக்காது.

வாங்குகிறவருக்கு உரிமம் இருக்க வேண்டும். விற்கப் போகிறேன், இன்னாருக்கு விற்கப் போகிறேன் என்று பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ, பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் துப்பாக்கி கை மாறலாம்.

2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம். இப்போது 2 தான். உரிமத்தின் காலம் 3 ஆண்டில் இருந்து 5 ஆண்டாகக் கூடியது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. கல்யாண வீட்டிலும் கொடை விழாவிலும் குஷியில் வானத்தைப் பார்த்துச் சுட்டு யாருக்காவது ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கிக்காரருக்கு இன்னொரு வேலை. தேர்தல் தேதி அறிவித்ததும் போலீஸ் நிலையத்தில் இருந்து ஆள் வரும். "அண்ணாச்சி, துப்பாக்கியைக் கொண்டாந்து ஒப்படைச்சிருங்க." சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வர வேண்டியதுதான். 2024 நாடாளுமன்றத் தேர்தல் மார்ச் 16-ல் அறிவிக்கப்பட்டது. ஓட்டு எண்ணியது ஜூன் 4. கிட்டத்தட்ட 80 நாள்! அதுவரை அலமாரி காலி. திரும்பி வரும்போது துரு ஏறி இருக்கிறதா என்று பார்த்து எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும்.

ஆசைக்கு ஒரு நேர் வழி

சுடுகிற ஆசை உள்ள இளைஞர்களுக்கு நேர் வழி ஒன்று இருக்கிறது. அது விளையாட்டு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தனியாக ஒரு வெண்கலம் வாங்கினார். சரப்ஜோத் சிங்குடன் ஜோடி சேர்ந்து இன்னொன்று வாங்கினார். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம்.

அந்தக் காற்றுக் கைத்துப்பாக்கியின் குண்டு 4.5 மில்லிமீட்டர். குழலின் அளவு அதற்கு மேல் போகாமல், வேகத்தின் வலு 20 ஜூலுக்குள் இருந்தால் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை இல்லை. விற்கிற கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள். அங்கேயும் ஜாதகம் உண்டு!

மெருகேற்றுகிற ஆசைக்கும் இதில் இடம் இருக்கிறது. மரப்பிடியை அவரவர் உள்ளங்கைக்குத் தக்கபடி அரத்தால் ராவிக்கொள்வார்கள். விசை எவ்வளவு இழுத்தால் விடும் என்று திருகி வைத்துக்கொள்வார்கள். அதற்கும் கணக்கு உண்டு. விசையின் பாரம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. துப்பாக்கியின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. போட்டிக்கு முன்பு நிறுத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

புத்தகப் பையில் அரிவாள்

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கிறவர்கள் 2 நாட்களை மறந்திருக்க மாட்டார்கள்.

2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரி. பிளஸ்-2 படிக்கிற மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் யார்? கூடப் படித்த பையன்கள்! சாதி வெறி அவர்கள் கையில் அரிவாளைக் கொடுத்தது. அதைத் தொடர்ந்து நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது.

2025 ஏப்ரல் 15. பாளையங்கோட்டை. எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். தகராறு பென்சிலில் தொடங்கியது என்றார்கள். முன்பு பென்சில் சீவப் பேனாக்கத்தி கொண்டுபோன பை அது. அதில் அரிவாள் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட அரிவாள் ஏதோ ஒரு பட்டறையில் பிறந்ததுதான். வாழைத்தார் வெட்டுவதற்காக யாரோ வாங்கி, வீட்டு மூலையில் செருகி வைத்ததாகவும் இருக்கலாம். கடை நோட்டில் பெயர் எழுதுவது முதல் பூட்டு. வீட்டில் பையன் கைக்கு எட்டாமல் வைப்பது இரண்டாவது பூட்டு. முதல் பூட்டைப் போலீசார் போடலாம். இரண்டாவதை வீட்டுக்காரர்தான் போட வேண்டும்.

பட்டறைக்காரர் பாடு

நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் கொல்லர்தான்.

அறுவடை இயந்திரம் வந்து கருக்கரிவாள் வியாபாரத்தைத் தின்றுவிட்டது. பனையேறுகிறவர்கள் குறைந்ததால் பாளை அரிவாளுக்குக் கிராக்கி இல்லை. வடக்கே மத்தியப்பிரதேசத்தில் இருந்து வருகிற குடும்பங்கள் ரோட்டோரத்தில் உலை போட்டு மலிவு விலைக்கு அடித்துக் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே கத்தி வருகிறது. இதற்கு நடுவே, எங்கோ ஒரு கொலை விழுந்தால், "இந்த அருவா உம்ம பட்டறைதானா?" என்று கேள்வி வருகிறது.

அப்போது கைகொடுப்பது அந்த நோட்டுதான். யார் வாங்கினார், எந்தத் தேதி, எதற்கு என்று எழுதி இருந்தால் பட்டறைக்காரர் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம். எழுதாதவர் கோர்ட்டுக்கும் போலீசுக்கும் நடக்க வேண்டியதுதான். தொந்தரவு என்று தொடக்கத்தில் நினைத்த நோட்டு, அவருக்குக் கவசமாகவும் இருக்கிறது.

நல்ல காரியத்துக்கு வாங்குகிறவருக்குப் பெயர் சொல்வதில் என்ன கஷ்டம்? வாழைத்தோட்டக்காரர் பெயரோடு அப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்வார். போகிற போக்கில் இரண்டு தார் வாழைக்காய் அனுப்புகிறேன் என்பார்.

"பேரெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? துட்டைக் கூடக் கொஞ்சம் வாங்கிக்கிடுங்க" என்று ஒருவர் சொன்னால்?

அந்த அரிவாளைத் திரும்பவும் ஆணியில் மாட்டிவிட வேண்டியதுதான்!